வேர்க்காத வீடு

கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகள் சிலர் ஒரு முறை எங்கள் வேலணை வீட்டைப் பார்க்க வந்தார்கள். அப்பா காலமான பிறகு நானும் அம்மாவும் மட்டும் இருந்த வீடு. சுவரைத் தடவினார்கள், கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், தங்களுக்குள் ஏதோ குறித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெட்டை என் கையைப் பிடித்து, "உங்கட அப்பா இயற்கையோட எவ்வளவு ஒத்து வாழ்ந்திருக்கிறார் அன்ரி" என்றாள். எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. இயற்கையாவது மண்ணாங்கட்டியாவது. அந்த மனிசன் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருளுக்கு. அது சீமெந்து.

அப்பா தெற்கிலே ஒரு சின்னப் பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். கடைக்கு மேலே கொங்கிறீட் தட்டு. அதற்குக் கீழே வருசக்கணக்காய்ப் படுத்து எழும்பி, அரிசிமூட்டைகளோடு தானும் சேர்ந்து வெந்தவர். வேறு யாராக இருந்தாலும் அந்த வெக்கையைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். அப்பா அதைத்தான் நாகரிகம் என்று நினைத்தார். ஊருக்கு வந்து எங்கள் பழைய ஓலைவீட்டில் படுத்தால் அவருக்கு நித்திரை வராது. "கண்டறியாத குளிர்" என்று முணுமுணுத்துக்கொண்டு போர்வையை இழுப்பார். சுண்ணாம்பு என்று யாராவது வாயெடுத்தால், "அது வெத்திலைக்கு" என்பார்.

எனக்கு ஒரு சம்பந்தம் வந்ததோடு எல்லாம் தொடங்கியது. வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதற்கு முன் வந்தவை எல்லாம் ஒவ்வொரு சாட்டில் தட்டிப் போயிருந்தன. மாப்பிள்ளை காரைநகர், தபால் கந்தோரில் கிளாக்கர். கோயிலில் வைத்துக் காட்டினார்கள். நடுமத்தியான மணலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு துள்ளித் துள்ளி வந்தார், நான் பார்ப்பதைக் கண்டதும் தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார். எனக்குப் பிடித்துவிட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு வீட்டை எழுதிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல மனிசன் போலத்தான் கதைத்தார். நகை உங்கள் விருப்பம், காணி உங்கள் விருப்பம் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீடு மட்டும் சீமெந்து வீடாய் இருக்க வேணும். மேலை பிளாட்டாய் இருக்க வேணும். பட்டணத்திலை அப்பிடித்தான் கட்டுகினம்" என்றார். அப்பா எழும்பி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த இரண்டு பேரையும் கண்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் அவர்கள்தான் என்று நினைப்பீர்கள்.

ஆனால் அது ஒன்றுக்கும் வழியில்லாத காலம். வெளியிலிருந்து சாமான் வராது. துணிக்கு வரிசை, பாணுக்கு வரிசை. சீமெந்துக்குப் பெர்மிற். அப்பா கந்தோர் கந்தோராய் அலைந்து, கண்டவனையெல்லாம் கும்பிட்டு, கொஞ்ச மூட்டைகள் எடுத்தார். ஒரு கக்கூசு கட்டவும் காணாது. மிச்சம் கிடைத்ததும் தொடங்கலாம் என்று அவற்றை விறாந்தையில் அடுக்கி, மேலே சாக்கு மூடி, பக்கத்தில் ஒருவரையும் போகவிடாமல் காத்தார். மிச்சம் கிடைக்கவே இல்லை. இதற்கிடையில் எங்கள் உப்புக்காற்று சாக்குக்குள் புகுந்து தன் வேலையைச் செய்துவிட்டது. ஒருநாள் அப்பா ஆசையாய் ஒரு மூட்டையைத் தட்டிப் பார்த்தார். ணங் என்றது. எல்லாம் கல்லாய்ப் போயிருந்தன.

"பூசை செய்து வைச்சிருந்தால் இப்பிடித்தான்" என்றாள் அம்மா.

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆவணிக்குப் பிறகு வீடு பார்க்க வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் மேசன் வந்தார். கரம்பன் பக்கத்து ஆள். வாய் மூடத் தெரியாதவர். கட்டின மதில் சாய்ந்தாலும் அதற்கு ஒரு பெருமைக் கதை வைத்திருப்பார். கல்லாய்ப் போன மூட்டைகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அப்பாவைக் கேட்டார்.

"அண்ணை, உங்களுக்குச் சீமெந்து வேணுமோ, சீமெந்து வீடு வேணுமோ?"

"உதென்ன விசர்க் கதை?"

"ரெண்டும் வேறை அண்ணை. சீமெந்து என்னட்டை இல்லை. சீமெந்து வீடு எண்டால் நான் கட்டித் தாறன்."

அப்படித்தான் அந்தப் பிள்ளைகள் புகழ்ந்த இயற்கை வீடு பிறந்தது. வெட்கத்தில் பிறந்த வீடு. கல்லு எங்கள் காணியிலேயே கிண்டியது. சுண்ணாம்பு, கரையோரத்துச் சூளையில் சுட்டு வந்தது. சாந்து இறுக வேண்டும் என்று பனங்கட்டி கரைத்த தண்ணி விட்டுக் குழைத்தார்கள். கூரையைத் தாங்கிய வளையும் சலாகையும் எங்கள் பனை, கூரைக்கு எங்கள் ஓலை. எங்கள் தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆணியும் கதவுப் பிணைச்சலும் தவிர ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் அவமானம். வேலை நடக்கும்போது யாராவது வேலிப் படலையைத் திறந்தால் ஓடிப்போய் மறித்து, வெளியிலேயே நிற்க வைத்துக் கதைத்து அனுப்பிவிடுவார்.

ஓலைக்கூரையை என்ன செய்வது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. மேசன் அதற்கும் வழி வைத்திருந்தார். தெருப்பக்கச் சுவரைக் கூரைக்கு மேலாக உயர்த்திக் கட்டி, விளிம்பைச் சப்பட்டையாக்கினார். தெருவில் நின்று பார்த்தால் பிளாட். வேலிக்குள் வந்து பக்கவாட்டில் பார்த்தால் பிளாட்டுக்குப் பின்னால் ஓலை. அதனால் பக்கவாட்டில் யாரும் பார்க்காதபடி அப்பா கிடுகு வேலியை ஆளுயரத்துக்கு மேல் உயர்த்தினார். சுவருக்கு நிறம், சுண்ணாம்போடு சிரட்டைக்கரியை இடித்துக் கலந்து பூசியது. அசல் சீமெந்து நிறம். மேசன் அதன் மேல் நூல் பிடித்துக் கோடு கீறி, கல்லுக் கல்லாய் அடுக்கியது போலச் செய்தார். முடிந்ததும் தூர நின்று பார்த்துவிட்டு, "சீமெந்தே வெக்கப்படும்" என்றார்.

கல்லாய்ப் போன மூட்டைகளை அப்பா எறிய விடவில்லை. படலைக்கு உள்ளே, தெருவால் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில், அச்சடித்த எழுத்து வெளியே பார்க்க அடுக்கினார். சீமெந்து வீட்டுக்கு முன்னால் மிஞ்சிய சீமெந்து மூட்டை இருக்கத்தானே வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பனங்கட்டிக்கு எறும்பு வந்தது. வரிசை வரிசையாய்ச் சுவரில் ஏறியது. சீமெந்துச் சுவரை எறும்பு நக்குமா? அப்பா காலையும் பின்னேரமும் விளக்குமாற்றோடு வீட்டைச் சுற்றி வந்தார். சோளகக் காற்று எழும்பினால் கூரை ஓலை பிய்ந்து, பிளாட்டுக்கு மேலால் பறந்து, தெருவில் விழும். அப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பொறுக்குவார். யாராவது கண்டால், "அயலட்டைக்காரர் ஓலையைக் கட்டி வைக்க மாட்டினம், எல்லாம் எங்கட வாசலிலை" என்று திட்டுவார். அயல் வீடு ஓட்டுவீடு. மழை பெய்து கரி கொஞ்சம் ஒழுகினால், "சீமெந்து எண்டால் அப்பிடித்தான் வேர்க்கும்" என்பார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய துன்பம், வீடு குளிர்ந்தது. வெளியே மணல் கொதிக்கும், உள்ளே காலை வைத்தால் கோயில் மூலஸ்தானம் போல இருக்கும். சுவர் அவ்வளவு தடிப்பு, கூரை அவ்வளவு கனம். எனக்கு அந்த வீட்டை விட்டு வெளியே வர மனமில்லை. மத்தியானத்தில் நிலத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, மாப்பிள்ளையும் இப்படித்தான் படுப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அயலில் உள்ள பெண்களும் பாயோடு வந்து படுக்கத் தொடங்கினார்கள். அப்பாவுக்குத்தான் கொதி. "வீட்டைக் கெடுக்கப் போறியள். சீமெந்து வீட்டிலை ஆர் இப்பிடிப் படுக்கிறது? விசிறிக்கொண்டு இருக்க வேணும்" என்று சத்தம் போடுவார். பனையோலை விசிறிகள் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். அவர்கள் அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு நித்திரையானார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரும் நாள் வந்தது. முதல்நாளே சலவைக்காரக் கட்டாடியைக் கூப்பிட்டுக் கூரைக்குக் கீழே வெள்ளை கட்டுவித்தார் அப்பா. நல்ல காரியத்துக்கு வீட்டுக்குள் மேலே வெள்ளைத் துணி கட்டுவது எங்கள் வழக்கம்தான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஓலை மறைந்தது. வெக்கைக்கு என்ன செய்வது? அப்பா விடிய எழும்பி அம்மாவிடம் வந்து நின்றார்.

"இஞ்சேரும், நெல்லு அவிக்க வேணும்."

"இண்டைக்கோ? சம்பந்தி பகுதி வருகிற நாளிலையோ?"

"அவிச்ச பானையளை நடு அறைக்குப் பக்கத்து அறையிலை வையும். யன்னல் எல்லாத்தையும் பூட்டும். அவருக்கு வேர்க்க வேணும்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று போய் அடுப்பை மூட்டினாள். பின்வளவில் அவித்து, ஆவி பறக்கப் பறக்கப் பானைகளைத் தூக்கி வந்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மேலே கட்டிய வெள்ளையே நனைந்து தொங்கத் தொடங்கியது. வீடு ஒரு வழியாய்ச் சீமெந்து வீடாகிவிட்டது.

மாப்பிள்ளையின் தகப்பன் கார் பிடித்து வந்து இறங்கினார். தெருவில் நின்று பிளாட்டைப் பார்த்துத் தலையாட்டினார். படலைக்குள் மூட்டைகளைக் கண்டு இன்னொரு முறை ஆட்டினார். உள்ளே வந்து கதிரையில் இருந்ததும் நெற்றியில் முத்து முத்தாய் வேர்த்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றி, சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சீமெந்து எண்டால் சீமெந்துதான்" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீலை முதுகோடு ஒட்டியிருந்தது, ஆனால் மனம் குளிர்ந்திருந்தது. நாள் வைப்பது பற்றிக் கதை தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜீப் வந்தது.

வந்தவர் சீமெந்துப் பதுக்கல் பிடிக்கிற கந்தோர்க்காரர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒரு கடைக்காரர் முழுச் சீமெந்தில் மாளிகை கட்டி, இன்னும் மூட்டை மூட்டையாய் அடுக்கி வைத்திருக்கிறார் என்று கதை அவர் காதுவரை போயிருக்கிறது. கோபக்காரர் இல்லை, அமைதியான மனிசன். முற்றத்தில் நின்றபடி பெர்மிற்றைக் கேட்டார். அப்பா கொண்டுவந்து காட்டினார். மூட்டைகளை எண்ணிப் பார்த்தார், வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"பெர்மிற்றிலை தந்த மூட்டையள் எல்லாம் உடைக்காமல் இஞ்சை கிடக்கு" என்றார். "அப்ப வீடு கட்டின சீமெந்து எங்காலை வந்தது?"

மாப்பிள்ளையின் தகப்பன் விறாந்தைக்கு வந்து நின்றார். வீட்டு வேலைக்கு மெச்சு வாங்க வந்திருந்த மேசன் தூணோடு ஒட்டிக்கொண்டார். அம்மா மெல்ல, "உள்ளதைச் சொல்லுங்கோ" என்றாள். உள்ளது எவ்வளவு சின்ன விசயம். சேர், இது சுண்ணாம்பு. இரண்டு சொல். கந்தோர்க்காரர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அப்பா கந்தோர்க்காரரைப் பார்த்தார், மாப்பிள்ளையின் தகப்பனைப் பார்த்தார், திரும்பிக் கதவிடுக்கில் நின்ற என்னைப் பார்த்தார்.

"கள்ளச் சீமெந்துதான் சேர்" என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பன் முகத்தில் மரியாதை கூடியது. தன் சம்பந்தி இவ்வளவு பெரிய ஆள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஆர் தந்தது?" என்று கந்தோர்க்காரர் கேட்டார்.

"அதைச் சொல்ல ஏலாது."

"கோட்டுக்குப் போக வேண்டி வரும். சிறை மறியலும் கிடைக்கும். தெரிஞ்சுதான் சொல்லுறியளோ?"

"ஓம். ஆனால் சாமான் நல்ல சாமான் சேர். ஒரு கலப்பும் இல்லை."

"முதல்தரச் சீமெந்து" என்றார் மேசன், தூணுக்குப் பின்னாலிருந்து. "நான்தான் குழைச்சனான்."

அப்படியென்றால் ஜீப்பில் ஏறுங்கோ என்றார் கந்தோர்க்காரர். அப்பா உள்ளே வந்து நல்ல சால்வையைத் தேடி எடுத்துத் தோளில் போட்டார். அலுமாரிக் கண்ணாடியில் தலையைச் சரி பார்த்தார். அம்மாவிடம், "சம்பந்திக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பும், கலியாண நாளை வைச்சு முடியுங்கோ" என்றார். கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி மறியலுக்கு வெளிக்கிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. அந்த மாப்பிள்ளை மேல், அவரின் தகப்பன் மேல், சீமெந்து மேல், எல்லாவற்றுக்கும் மேலாய் இந்த மனிசன் மேல். கதவு மூலையில் மேசனின் அலவாங்கு, நிலம் கிண்டுகிற கடப்பாரை, சாத்தியிருந்தது. எடுத்தேன். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பெண் வெளியே வரக்கூடாது என்பது அப்போது நினைவில் இல்லை. எல்லோருக்கும் முன்னால் இறங்கி, முன்சுவரில் ஓங்கிக் குத்தினேன். முதல் குத்துக்குக் கோடு கீறின சாம்பல் தோல் கழன்றது. இரண்டாம் குத்துக்கு உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு கொட்டியது.

கந்தோர்க்காரர் குனிந்து ஒரு துண்டை எடுத்து, நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார். சுட்டிருக்க வேண்டும், துப்பினார்.

"செய்யாத குற்றத்தை ஏன் ஒப்புக்கொண்டனீர்?" என்று அப்பாவைக் கேட்டார். முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்திருந்தது, மரியாதையும் குறைந்திருந்தது. "இதுக்கும் சட்டத்திலை ஏதாவது இருக்கும். பாத்துச் சொல்லுறன்" என்றுவிட்டு ஜீப்பில் ஏறினார். பார்த்தாரோ தெரியாது, அவர் பிறகு வரவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் சுவரில் விழுந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"அப்ப இந்த வெக்கை?"

"நெல்லு அவிச்சனாங்கள்" என்றாள் அம்மா.

அவர் சட்டைப் பொத்தானைப் பூட்டினார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. படலையடியில் மேசனைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "அது சாம்பலோ, கரியோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவருக்கும் கலியாண வயதில் ஒரு மகள் இருந்தாள். மேசன் அதே காரில் ஏறி, அவரோடு காரைநகருக்குப் போனார். எங்கள் சம்பந்தம் அன்றோடு சரி.

நானும் அம்மாவும் நெற்பானைகளை வெளியே தூக்கி வைத்து, யன்னல்களைத் திறந்தோம். காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வீடு பழையபடி குளிர்ந்துவிட்டது. அப்பா நல்ல சால்வையோடு முற்றத்திலேயே நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். வெட்கம் கெட்ட மனிசன் என்றேன். மறியலுக்குள் போய் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது. அதுவும் சீமெந்துக் கட்டடம்தானே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. அவர் என்னைப் பார்க்காமல், கொட்டிக் கிடந்த சுண்ணாம்பைக் காலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பெடியனை உனக்குப் பிடிச்சிருந்ததோ பிள்ளை?"

"ஓம்."

"அப்ப ஏன் உடைச்சனி?"

"உங்களைக் கொண்டு போகப் பாத்தாங்கள் அப்பா."

"என்னைக் கொண்டு போனால் திரும்பக் கொண்டுவந்து விடுவாங்கள்" என்றார் அப்பா. "அவன் இனி வருவானோ?"